ஆறாவது குழியும் ஏழாவது குழியும்

மண்புழு என்று அவருக்குப் பேர் வைத்தது ஒரு சிஸ்டர். அன்பாக வைத்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பது வயதில் அந்தக் கன்னியர் மடத்துக்குத் தோட்ட வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, சேற்றுக் காலோடு சமையற்கட்டு வாசற்படியில் ஏறிவிட்டார். அப்போதுதான் கழுவித் துடைத்த தரை. உள்ளேயிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது. பின்னாலேயே குரல்.

"ஏய் மண்புழு! இது அடுப்படியா, உங்க அப்பன் வீட்டுக் கொல்லையா? இறங்குடா கீழே!"

கரண்டி மேலே படவில்லை, பேர்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் மிஞ்சியது. கரண்டி வீசியவரை எல்லோரும் அடுப்படி சிஸ்டர் என்பார்கள். ஆள் உயரம், ஆளுக்கேற்ற கனம், வாய் அதற்கும் மேலே. ஜெபத்துக்கு மணி அடித்தால்கூட, அடுப்பைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார். ஆனால் ஒன்று. பதினோரு வருஷம், ஒரு நாள் தவறாமல், மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் வரும்.

"சாப்பிட்டியாடா மண்புழு?"

திருடனைப் பிடித்து வைத்து விசாரிக்கிற தொனியில் கேட்பார். இல்லை என்றால் திட்டு, ஆமாம் என்று பொய் சொன்னால் அதைவிடப் பெரிய திட்டு. தாயில்லாமல் வளர்ந்த மண்புழுவுக்கு அந்தத் திட்டு வயிற்றை நிறைத்தது. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம், அவ்வளவுதான்.

அந்த மடத்தை ஆரம்பித்தவர் பெரிய மதர். கையில் ஒரு பெட்டி, கூட இரண்டு சிஸ்டர்கள். ஊரார் தீண்டத் தயங்கிய நோயாளிகளை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஆரம்பித்து, முப்பது கட்டில் போட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அவரே ஏணி ஏறி, விழுந்து, இடது இடுப்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. அதற்கப்புறம் குள்ள உருவம் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கும். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மடத்தில் குரல் உயர்த்துகிற வேலையை அடுப்படி சிஸ்டரே மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தாரே!

பெரிய மதர் எழுதி வைத்த சட்டம் ஒன்று உண்டு. செத்தபின் பெரியவள் சின்னவள் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மரத்துப் பலகைப் பெட்டி, ஒரே அளவு மரச் சிலுவை. கல் வைக்கக் கூடாது, மேடை கட்டக் கூடாது. சிலுவையில் துறவறப் பேர் மட்டும் இருக்கும், தேதிகூட இருக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல சட்டத்துக்கும் ஓட்டை உண்டு, அது தோண்டுகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் விஷக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் வந்த காய்ச்சல் மடத்துக்குள்ளும் புகுந்தது. பெரிய மதரும் அடுப்படி சிஸ்டரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள், ஒருவர் விடியற்காலை, ஒருவர் மத்தியானம். மற்ற சிஸ்டர்களில் பாதிப்பேர் படுக்கையில். மண்புழு ஒற்றை ஆளாக இரண்டு குழி வெட்டினார். கண்ணீர் ஒரு பக்கம், வியர்வை ஒரு பக்கம். வரிசையில் ஆறாவது குழி வெட்டும்போது கடப்பாரை 'ணங்' என்றது. கால்மாட்டுப் பக்கம் பாறை. அசைக்க முடியவில்லை. அதனால் அந்தக் குழி ஒரு முழம் குட்டையாகிவிட்டது. குட்டைக் குழிக்கு யார்? குள்ளமான பெரிய மதர்தான். அந்தப் பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. ஏழாவது குழிக்கு அடுப்படி சிஸ்டரின் பெட்டியைத் தூக்க வந்த வெளியூர்க் கூலியாட்கள் நாலு பேரும் மூச்சு வாங்கினார்கள். "செத்தும் என்னைப் படுத்தாதீங்க சிஸ்டர்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இறக்கினார் மண்புழு. சொல்லிவிட்டு அழுதார். எழுந்து நடக்க முடிந்த நாலு சிஸ்டர்கள்தான் பின்னால் வந்தார்கள், அவர்களும் குனிந்த தலை நிமிரவில்லை. எந்தக் குழியில் யார் என்பதை நிமிர்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நாலு வருஷம் கழிந்தது. சிலுவைகளின் அடியைக் கரையான் அரிக்க ஆரம்பித்தது. மண்புழு பதினாலு சிலுவைகளையும் பிடுங்கி, அடியில் தார் பூசி, அதே வரிசையில் சுவரோரம் சாய்த்து வைத்தார். சாயங்காலம் வானம் இடிந்து விழுந்த மாதிரி மழை. அவர் வீட்டுக்குப் போயிருந்தார். பயிற்சிக்கு வந்திருந்த சின்ன சிஸ்டர் ஒருத்தி, ஐயோ பாவம் சிலுவை நனைகிறதே என்று ஓடி, அள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில் அழகாக அடுக்கி வைத்துவிட்டாள். அடுக்கும்போது வரிசையாவது ஒன்றாவது! காலையில் வந்த மண்புழு தலையைச் சொறிந்தார். போய்க் கேட்க வெட்கப்பட்டார். கல்லறை பார்க்கிறவனுக்கே கல்லறை தெரியவில்லை என்றால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? ஞாபகத்தை நம்பி நட்டார். பன்னிரண்டு சரியாக அமைந்தது. இரண்டு இடம் மாறியது. மழை மண்ணை மட்டம் பண்ணியிருந்ததில், குட்டைக் குழி எது, நீளக் குழி எது என்று மேலே தெரியவில்லை.

இதுவரைக்கும் நடந்தது தவறு. தவறு எல்லோருக்கும் வரும், யானைக்கும் அடி சறுக்கும். அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

அடுத்த வருஷம் அவருடைய மகளுக்கு ஐந்து வயது. மூளைக் காய்ச்சல், வலிப்பு. கண் திறக்கவில்லை, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மண்புழுவின் மனைவி மடத்துக்கு ஓடினாள். பெரிய மதர் பேர் எழுதிய சிலுவைக்குக் கீழே ஒரு பிடி மண் அள்ளி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள். மூன்றாம் நாள் காலை குழந்தை கண்ணைத் திறந்தது. எழுந்து உட்கார்ந்தது.

"அம்மா, பசிக்குது."

அதுதான் முதல் வார்த்தை. ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மெழுகுவத்தி, பூ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள். அந்தச் சிலுவைக்குக் கீழே புல் முளைக்க நேரமில்லை, அவ்வளவு பேர் மண் எடுத்தார்கள். வாரம் ஒரு கூடை மண் கொண்டுவந்து கொட்டுவது மண்புழுவின் வேலையாயிற்று.

இன்னும் மூன்று வருஷம் கழித்து, பக்கத்துக் கல்லறையின், அதாவது அடுப்படி சிஸ்டர் பேர் எழுதிய சிலுவையின், கால்மாட்டில் ஒரு ரோஜாச் செடி வைக்கலாம் என்று கடப்பாரையை இறக்கினார்.

'ணங்'.

அந்தச் சத்தத்தை மறக்கக்கூடியவரா அவர்? கடப்பாரையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாறை இங்கே இருக்கிறது. அப்படியானால் பெரிய மதர் இங்கே இருக்கிறார். அப்படியானால் ஊரே மண்டி போடுகிற அந்த இடத்தில் படுத்திருப்பது... அடக் கடவுளே! மகளின் தலைமாட்டில் இருந்தது யார் குழி மண்? "பசிக்குது" என்று பிள்ளையை எழுப்பி உட்கார வைத்தது யார்? யோசிக்கவே வேண்டியதில்லை. சாப்பிடாதவரைச் சும்மா விடாத கை மடத்தில் ஒன்றுதான் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் தினம் பெரிய மதர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறாள், அவளிடம் போய் என்னவென்று சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அதுவும் இருபது வருஷம். செய்ததெல்லாம் இவ்வளவுதான். கூட்டம் போனதும், ஜனங்கள் வைத்த பூவில் பாதியை எடுத்துப் பக்கத்துக் கல்லறைக்கு வைப்பார். ஜனங்களுக்குப் பெரிய மதர் வேண்டும், அவர் அங்கே இருக்கிறார், அவருக்கும் கொஞ்சம் போய்ச் சேரட்டும். சிஸ்டர்கள் கேலி செய்வார்கள். "என்ன அண்ணே, அடுப்படி சிஸ்டர் மேல இவ்வளவு பாசம்? கரண்டி அடி வாங்கின ஞாபகமா?" அவர் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி போய்விட்டாள். மகள் கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. பெரிய மதரின் பேரைத்தான் வைத்திருக்கிறாள். வேறு என்ன பேர் வைப்பாள்?

இப்படியே போயிருக்கும். பெரிய மதருக்குப் புனிதர் பட்டம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். விசாரணை வந்தது. அவருடைய சரித்திரம் புத்தகமாக அச்சாகி வந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் அடுப்படி சிஸ்டருக்கு அரை வரி: 'அதே நாளில் சமையல் பொறுப்பிலிருந்த சகோதரி ஒருவரும் மரித்தார்.' பேர்கூட இல்லை. மண்புழு எழுத்துக்கூட்டி அந்த அரை வரியை வாசித்துவிட்டு, மீதிப் பக்கங்களைப் புரட்டாமல் புத்தகத்தை மூடிவிட்டார். மகளை விசாரணை ஃபாதர் இரண்டு நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அவள் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணி, பெரிய மதர் கல்லறை மண்ணால்தான் பிழைத்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். விசாரணையில் நின்ற ஒரே அற்புதம் அதுதான். "பெரிய மதர் என்னை விட்டுட்டுப் போகலைப்பா" என்று வீட்டுக்கு வந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஊமை கண்ட கனவு.

அப்புறம் கடிதம் வந்தது. கல்லறையைத் திறந்து, எலும்புகளைச் சரிபார்த்து, மடத்துக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை. தோண்டுகிறவரும் சத்தியம் செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் மண்புழு மாட்டிக்கொண்டார். வேலையாள் வாயை மூடிக்கொண்டு தோண்டலாம். கடவுள் புத்தகத்தில் கை வைத்துவிட்டுத் தோண்ட முடியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மதரின் அறைக் கதவைத் தட்டினார்.

இப்போதைய மதருக்கு நாற்பத்து மூன்று வயது. மடத்தில் மிஞ்சியிருப்பது பதினோரு சிஸ்டர்கள், அதில் எட்டுப் பேர் கைத்தடி பிடிக்கிறவர்கள். புதிதாக ஒருத்தி சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. பெரிய மதருக்குப் பட்டம் கிடைத்தால் மடம் பிழைக்கும், இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்தார்கள். மண்புழு நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாறை, மழை, தார், கொட்டகை. மதரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"கொட்டகையில அடுக்கினது நான்தான் அண்ணே" என்றார் மெதுவாக. "வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துது. நல்லது செஞ்சேன்னு நெனச்சேன்."

மண்புழுவுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் கதையில் 'யாரோ ஒரு சின்ன சிஸ்டர்' என்று சொல்லியிருந்தார்.

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நிச்சயமாத் தெரியுமா? பாறை ரெண்டு எடத்துலயும் இருக்கலாமே."

"குழி வெட்டினது நான் மதர்."

"செத்தபிறகு எல்லாரும் ஒண்ணுன்னு பெரிய மதரே எழுதியிருக்காங்க. எந்த எலும்பா இருந்தா என்ன அண்ணே? ரெண்டு பேரும் கடவுளோட பிள்ளைங்கதானே?"

"அப்ப ரெண்டு பேரையும் உள்ளே தூக்கிட்டுப் போங்க மதர்."

மதர் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. "உங்க மகளையும் யோசிச்சுக்குங்க அண்ணே" என்றார் கடைசியில். மிரட்டலாக அல்ல, பாவம், உண்மையான கவலையில்தான். ஆனால் அந்த வார்த்தை மண்புழுவை மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. மகள் செய்த சத்தியம் பொய்யாகிவிடும். ஊர் அவள் முகத்தில் என்ன பேசும்? அவள் அவரை அதற்கப்புறம் அப்பா என்று கூப்பிடுவாளா?

வியாழக்கிழமை வந்தது. கல்லறையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். வெள்ளை விரித்த மேஜை, விசாரணை ஃபாதர், டாக்டர், எழுதுகிறவர், சிஸ்டர்கள். சாட்சி என்கிற முறையில் மகளும் முன்வரிசையில் நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. டாக்டர் சத்தியம் செய்தார். பிறகு ஃபாதர் மண்புழுவைக் கூப்பிட்டுக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"'நான் அறிந்தவரை இதுவே அவருடைய கல்லறை. என் வேலையை உண்மையாகச் செய்வேன்.' கையை வெச்சுச் சொல்லுங்க."

மண்புழு கையை வேட்டியில் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். கை புத்தகத்துக்கு மேலே போய், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது.

"இது இல்லை ஃபாதர்."

"என்ன இல்லை?"

"பெரிய மதர் இதுல இல்லை. அதுல இருக்காங்க. இதுல அடுப்படி சிஸ்டர்."

 எப்படி என்று ஃபாதர் கேட்டார். சொன்னார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னார். எழுதுகிறவரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஃபாதருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது.

"சிலுவையை மாத்தினது யாரு?"

"பிடுங்கினது நான். நட்டதும் நான்."

இரண்டும் உண்மை. நடுவில் உள்ளதை விட்டுவிட்டார். பின்னால் மதரின் குரல் கேட்டது. "நடுவுல கலைச்சு அடுக்கினது நான் ஃபாதர். அதையும் எழுதிக்குங்க. போன வாரமே இவர் எங்கிட்ட வந்து சொல்லிட்டார். நான்தான் உங்ககிட்ட சொல்லலை."

மண்புழு யாரையும் பார்க்கவில்லை, மகளை மட்டும்தான் பார்த்தார். அவள் வாய் அசைந்தது.

"இருபது வருஷமாப்பா?"

அவ்வளவுதான். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துணியை விலக்கி வெளியே போய்விட்டாள். பின்னால் ஓட அவர் கால் துடித்தது. தோண்ட வேண்டியிருந்தது.

அடுப்படி சிஸ்டர் பேர் எழுதிய சிலுவையைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, இடம் மாறிச் சத்தியம் செய்து, தோண்டினார். பாறை வந்தது. பலகைத் துண்டுகள் வந்தன. டாக்டர் கீழே இறங்கி, தூரிகையால் மண்ணைத் தள்ளி, ரொம்ப நேரம் பார்த்தார். இடது இடுப்பெலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. "இவங்கதான்" என்றார். சிஸ்டர்கள் பாட ஆரம்பித்தார்கள். பெரிய மதரைப் புதுப் பெட்டியில் வைத்து, பட்டுத் துணி போர்த்திக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். மண்புழுவை யாரும் கூப்பிடவில்லை. ஃபாதர் போகிற வழியில் நின்று சொன்னார், "உங்க மக சாட்சி இனி செல்லாது. தெரியுமில்ல? ஒரே அற்புதம் அதுதான் இருந்துது." தெரியும் என்று தலையை ஆட்டினார்.

எல்லோரும் போனபின் ஏழாவது குழியிலிருந்து தப்பான சிலுவையைப் பிடுங்கினார். அடுப்படி சிஸ்டரின் சிலுவையை நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். இருபத்து நாலு வருஷத்துக்கப்புறம் சொந்தப் பேருக்குக் கீழே படுத்திருந்தார் சிஸ்டர். எதிரே சமையற்கட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. இப்போது சாப்பாடு வெளியிலிருந்துதான் வருகிறது.

கூட்டமெல்லாம் கோயிலுக்குள் போய்விட்டது. அடுப்படி சிஸ்டருக்கு ஒரு பூ கிடையாது, ஒரு மெழுகுவத்தி கிடையாது. எடுத்து வைக்கப் பக்கத்தில் மிச்சப் பூவும் இல்லை. மண்புழு தோட்டத்தில் பறித்து வைத்தார். மகள் வீட்டுப் பக்கம் இரண்டு முறை போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை பேசுகிற சத்தம் கேட்டது. தட்டத் துணிச்சல் வராமல் திரும்பினார். சமைக்கவும் மனசில்லை, சாப்பிடவும் மனசில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு. கோயில் வாசலைத் தாண்டி நேராகக் கல்லறைக்கு வந்து, சிலுவையிலிருந்த பேரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள்.

"இவங்கதானா?"

"ஆமாம்மா."

"அம்மாகிட்டகூடச் சொல்லலையா?"

"இல்லை."

"அம்மா பெரிய மதர் பேரைச் சொல்லிக்கிட்டேதானே செத்தா. அப்பவும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

 அவர் மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"எப்படி இருப்பாங்க?" என்றாள் மகள்.

படம் ஒன்றும் கிடையாது. கைத்தடி பிடிக்கிற சிஸ்டர்களுக்கும் நினைவு மங்கிவிட்டது. கரண்டியைச் சொன்னார். உயரத்தைச் சொன்னார். மத்தியான ஜன்னலைச் சொன்னார். மகள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் முழிச்சதும் முதல்ல என்ன கேட்டேன்னு அம்மா நூறு தடவை சொல்லியிருக்கா. பாறை தட்டின அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சும்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஃபாதர்கிட்ட திரும்பப் போறேன். நான் பொழச்சது பொய்யில்லை. பேர்தான் தப்பு. மாத்தி எழுதிக்கட்டும்."

"அந்த சிஸ்டருக்கு ஃபைலே கெடையாதும்மா."

"இல்லேன்னா புதுசாத் திறக்கட்டும்!"

அந்தக் குரல்! மண்புழு சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவள் அதற்குள் குழந்தையின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வாசல்வரை போனவள் நின்றாள். முகத்தைத் திருப்பாமலேயே, சண்டைக்கு நிற்கிற தொனியில் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றார் மண்புழு.